தொடாத பொருளுக்கு ஐந்து நட்சத்திரம்

காலை பத்து மணிக்குள் சின்னவள் பதினெட்டு கன்ட்ரோலர்களைப் புகழ்ந்து முடித்திருந்தாள். ஒன்றைக்கூட அவள் கையால் தொட்டதில்லை. கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவியின் இரண்டு பக்கமும் மாட்டுகிற கைப்பிடிகள் அவை, பழுதானால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்பதே நிறுவனம் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும்.

அதுதான் அவள் வேலை. வாங்காத பொருளை வாங்கியதுபோல், ஐந்து நட்சத்திரம் போட்டு இணையக் கடைகளில் பாராட்டி எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது. ஒன்று கல்லூரி மாணவன் எழுதியதுபோல், அடுத்தது மூன்று பிள்ளைகளின் தாய் எழுதியதுபோல். நடுவில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் ஜனங்கள் நம்புவார்கள் என்று மேலாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். வேலை பார்த்த தையல் கம்பெனி மூடியபின் எட்டு மாதம் செருப்புத் தேய அலைந்தவளுக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்த பிழைப்பு. முதல் வாரம் மனசு உறுத்தியது. பிறகு உறுத்தவும் தெம்பு இல்லை. நாற்பத்து மூன்று வயதில் கழுத்து வலியும் கண்ணெரிச்சலும்தான் மிச்சம். குடும்பத்தில் யார் கேட்டாலும் 'தட்டச்சு வேலை' என்று சொல்லி வைத்திருந்தாள்.

பத்தொன்பதாவதாக இப்படி எழுதினாள்: 'என் கணவருக்கு வாங்கினேன். மூன்று மாதமாக ஒரு குறையும் இல்லை. கையை விட்டு இறக்குவதே இல்லை.'

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அத்தான் லாரி ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்ததில் கால் தேறிவிட்டது. இடது கைக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. விரலுக்கு வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவே, அதே வகையில் பழைய விளையாட்டுக் கருவி ஒன்றை அக்கா வாங்கிக் கொடுத்திருந்தாள். அதிலும் அவர் லாரிதான் ஓட்டினார்.

"இடது பக்கத்துல வண்டியைத் திருப்புற குச்சி கெட்டுப்போச்சுடி. கையை எடுத்தாலும் வண்டி தானா வயலுக்குள்ள எறங்குதாம். கம்பெனிப் பொருள் நமக்குக் கட்டுப்படியாகாது. மலிவுல எது நல்லதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"என்னைக் கேட்டா எனக்கு என்னக்கா தெரியும்."

"இரு, ஒண்ணு படிக்கறேன் கேளு. 'என் கணவருக்கு வாங்கினேன். மூன்று மாதமாக ஒரு குறையும் இல்லை. கையை விட்டு இறக்குவதே இல்லை.' பாவம், அவ வீட்லயும் நம்ம கதைதான் போல. இதையே வாங்கிடவா?"

அது தான் எழுதியது என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் சக்தி அன்று அவளிடம் இல்லை.

"பாத்து வாங்குக்கா" என்றாள். அவ்வளவுதான்.

பொருள் வந்தது. ஐந்து நாள் ஒழுங்காக வேலை செய்தது. ஆறாம் நாள், அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், உள்ளேயிருந்த பேட்டரி உப்பிச் சுட ஆரம்பித்தது. அத்தானின் இடது கைக்குச் சூடு தெரியவில்லை. தோல் கருகும் வாடை வந்தபிறகுதான் குனிந்து பார்த்தார்.

சின்னவள் ஓடிப்போனபோது அக்கா கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"முப்பது வருஷம் ரோட்டுல ஓட்டினேன், ஒரு கீறல் இல்ல. சோபாவுல உக்காந்து ஓட்டினேன், ஆக்சிடென்ட் ஆயிடுச்சு" என்று அத்தான் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"என் புத்தியைத்தான் சொல்லணும்" என்றாள் அக்கா. "அத்தனை பேர் நல்லாயிருக்குன்னு எழுதியிருந்தாங்க. அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

"அத்தனை பேர் இல்லக்கா. அதுல பாதிப் பேர் நான்தான்."

அக்காவின் கை நின்றது. சின்னவள் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் படிச்சுக் காட்டினேனே, அதுவுமா?"

"அதுவும்தான்."

அக்கா துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவசரப்படவில்லை. "பொழைப்புக்காக எழுதினே, சரி. அது எனக்குப் புரியுது. நான் படிச்சப்ப வாயைத் திறக்காம இருந்தியே, அதுதான் மனசு ஆறல."

அந்த வார்த்தையைத் தாங்கிக்கொண்டு, கெட்டுப்போன பழைய கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கிக்கொண்டு சின்னவள் பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தார்.

"குச்சி மட்டும்தாம்மா தேஞ்சிருக்கு. அதை மாத்தினாப் போதும், பத்து நிமிஷ வேலை. புதுசே வாங்கறதா இருந்தாலும், பழுதானாத் திருப்பி எடுத்துக்கறோம்னு ரசீதுல எழுதிக் குடுக்கற கடையாப் பாருங்க. நட்சத்திரத்தைப் பாத்து வாங்காதீங்க."

அன்று சாயங்காலமே உப்பிய பேட்டரியைப் படம் பிடித்து, நடந்ததைத் தன் சொந்தப் பெயரில், பொருளை விற்ற இணையக் கடையின் பக்கத்தில் எழுதினாள். மறுநாள் பார்த்தால் அதைக் காணவில்லை. மறுபடி எழுதினாள். தான் எழுதிய பொய்களையெல்லாம் பட்டியலிட்டு நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கு மனு அனுப்பினாள். வேலை போயிற்று. மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

அக்கா இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம், "சலவைக்கூடத்துல ஆள் எடுக்கறாங்க, வர்றியா" என்று மட்டும் கேட்டாள். இப்போது இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்று விரிப்பு மடிக்கிறார்கள். நாள் முழுக்க நின்றால் கால் வீங்குகிறது. அத்தானின் கை மெல்ல ஆறிவருகிறது. தழும்பு போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் ஈர விரிப்பை உதறிக்கொண்டே சின்னவள் கேட்டாள். "என்மேல இன்னும் கோவமாக்கா?"

"கொஞ்சம் இருக்கு. போயிடும்." அக்கா துணியின் முனையைப் பிடித்து இழுத்தாள். "நீ யாரோ ஒருத்திக்குன்னு நெனச்சு எழுதிட்டே. அப்படி யாரோ ஒருத்தின்னு உலகத்துல யாருமே இல்லடி. தெரியாத பொருளை நல்லதுன்னு சொல்றது பொய்ச்சாட்சி. அதை நம்பி வாங்கறவ எப்பவும் யாருக்காவது அக்காவாத்தான் இருப்பா."