வார்டம்மாவின் பதில்

என் வாய்க்குப் பயந்து காய்கறிக்காரர்கூட அழுகலை ஒதுக்கிவிட்டுத்தான் எடை போடுவார். அப்படிப்பட்ட எனக்கு இங்கிலீஷ் என்று வந்துவிட்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வகுப்பில் எனக்கு 'நமத்த பட்டாசு' என்று பெயர். வைத்தவள் வார்டம்மா. வேறு யாராவது வைத்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

நூலகத்தின் பின்னால் பழைய பத்திரிகைகள் அடுக்கிய ஓர் அறை. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு நாங்கள் ஆறு பெண்கள் இங்கிலீஷ் வகுப்புக்கு அங்கே கூடுவோம். டீச்சர் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் அறை எங்கள் கையில். யாருக்காவது வேலைக்கு இண்டர்வியூ வந்தால் அவளை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைப்போம். எதிரே வார்டம்மா மேனேஜராக உட்காருவாள். மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அவள் கேள்வி கேட்டால், நடிப்பு என்று தெரிந்தும் முதுகு நிமிர்ந்து உட்காருவோம். ஒவ்வொரு பதிலையும் மூன்று தடவை சொல்ல வேண்டும்.

"முதல் தடவை உன் பயத்துக்கு. ரெண்டாவது உன் தப்புக்கு. மூணாவதுதான்டி உனக்கு" என்பாள்.

இண்டர்வியூ முடித்து வந்தவள் அங்கே கேட்ட கேள்விகளையும் தான் சொன்ன பதில்களையும் ஒரு நீல நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்தவளுக்கு உதவும். இதில் ஒளிவுமறைவு கூடாது, எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான். அதில் ஓட்டை போட்டவள் நான்.

வார்டம்மா முன்பு ஓர் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்தவள். இப்போது ஒரு ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். மறுபடி மனுஷங்களைக் கவனித்துக்கொள்கிற ஒரு வேலை, அவ்வளவுதான் அவள் ஆசை. "விரிப்பை எவ்வளவு நல்லா மடிச்சாலும் அது என்னைப் பார்த்துச் சிரிக்காதே" என்பாள்.

'கஷ்டமான ஒரு சூழ்நிலையை எப்படிச் சமாளித்தீர்கள்?' என்ற கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அவள் வார்டில் வயதான அம்மா ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார். டாக்டர் ஊசி போடச் சொன்னார், அவர் மகள் வீம்பு என்றாள். வார்டம்மாவுக்கு மட்டும் பொறி தட்டியது. அந்த அம்மாவின் பல்செட்டைக் காணோம், பொக்கை வாயைக் காட்ட அவருக்குக் கூச்சம். சலவைக்குப் போகவிருந்த மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாக உதறி, ஒரு தலையணை உறைக்குள் வார்டம்மா அதைக் கண்டெடுத்தாள். கழுவி, துண்டில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் அவர் கையில் கொடுத்தாள். வாயில் மாட்டிக்கொண்டதும் அந்த அம்மா முதலில் கேட்டது சாப்பாடு இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி.

இதை இங்கிலீஷில் தட்டுத்தடுமாறாமல் சொல்ல வார்டம்மாவுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

போன வருஷம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து வந்து சொன்னதும் அவள்தான். அப்போது அவள் கணவருக்கு முதுகில் ஆபரேஷன். வேலை மாறும் நிலைமையில் அவள் இல்லை. நானோ அலுவலகங்களில் தரை துடைத்துக்கொண்டு, மூன்று இண்டர்வியூவில் மண்ணைக் கவ்வியிருந்தேன்.

"நீ போடி. நீ உள்ள போயிட்டா அப்புறம் என்னை இழுத்துக்க" என்றாள்.

போனேன். முதல் மூன்று கேள்விகளுக்கு ஏதோ உளறினேன். நான்காவதாக அந்தக் கேள்வி வந்தது. அலுவலகத்தில் உடைந்த தண்ணீர்க் குழாயை நான் துணி சுற்றி அடைத்ததைச் சொல்வதாக ஏற்பாடு. ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. மேனேஜர் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், பல்செட் வந்தது. தலையணை உறை, துண்டு, கண்ணாடி எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தன. மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி, நான் சிரித்தேன்.

வேலை கிடைத்தது. நீல நோட்டில் கேள்வியை எழுதினேன், பதிலுக்கான இடத்தைக் காலியாக விட்டேன்.

"இதுக்கு என்ன சொன்னே?" என்று கேட்டாள் எங்களில் ஒருத்தியான டெய்லர் அக்கா. நோட்டு அவள் பொறுப்பில் இருந்தது.

"ஏதோ உளறினேன். அதையெல்லாமா எழுதுவாங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

வார்டம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "நம்ம பட்டாசு வெடிச்சிருச்சுடோய்!" என்று கத்தினாள். நூலகக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

இல்லத்தில் அந்தக் கதை என்னை விடவில்லை. யாருடைய காது மெஷினோ மோதிரமோ காணாமல் போனால் மேடம் என்னைத்தான் கூப்பிடுவார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "இவங்க எப்படித் தேடுறாங்கன்னு பாருங்க" என்பார். நானும் தேடுவேன். கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டுக் கிடக்கும்போதெல்லாம் வார்டம்மாவின் முகம் வந்து நிற்கும். நல்லா இரு என்று வாழ்த்துகிற முகம். திட்டுகிற முகமாக இருந்தால் தேவலை.

போன வாரம் அங்கே ஓர் இடம் காலியானது. நானே மேடத்திடம் வார்டம்மாவைப் பற்றிச் சொன்னேன். என் வகுப்பில் படிக்கிறவர், என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்றேன். அது சத்தியம். செய்த பாவத்தில் பாதியாவது கழியட்டும் என்று நினைத்ததும் சத்தியம்.

செவ்வாய்க்கிழமை வார்டம்மா நாற்காலியில் உட்கார்ந்து நீல நோட்டைப் புரட்டினாள். நான் எழுதியிருந்த கேள்வியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லானாள்.

"என் கேள்வியவே கேக்குறாங்கடி!"

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன்.

"அக்கா, அந்தப் பல்செட் வேணாம். வேற ஏதாவது சொல்லுங்க."

"ஏன், நல்லா இல்லையா?"

"இல்ல... கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு."

"உனக்குப் புளிச்சிருக்கும். எனக்கு அது நடந்ததுடி. நடந்ததைச் சொன்னாத்தான் நாக்கு குளறாது."

'அதை நான் சொல்லிட்டேன்க்கா.' இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. இத்தனை பேர் முன்னால் என் மானம் என்னாகும் என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மேடம் அதே கேள்வியைக் கேட்கப்போகிறாரா என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் தன் மகளுடைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வார்டம்மா இல்லத்துக்கு வந்தாள். நான் தாழ்வாரத்தில் ஒரு பெரியவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு உள்ளே போனாள். பத்தே நிமிஷம். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லாத்தான்டி சொல்லிட்டு வந்தேன். கண்ணாடிகிட்ட வரும்போது அந்த மேடம் பேனாவ மூடி வச்சுட்டாங்க. போதும், போங்கன்னுட்டாங்க. என் இங்கிலீஷ் அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"உங்கள் தோழி உங்கள் கதையைத் திருடிவந்து என்னிடமே சொல்கிறார். கண்ணாடி வரைக்கும் அப்படியே. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கூசாமல் பொய் சொல்கிற ஒருவரை நம்பி இந்த வயதானவர்களை ஒப்படைக்க முடியாது."

அவர் பேசிய இங்கிலீஷில் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. அதுவரை எனக்கு இங்கிலீஷ் அப்படிப் புரிந்ததே இல்லை. "சாரி மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வார்டம்மா அதற்குள் போய்விட்டிருந்தாள். பெரியவரின் சூப் ஆறிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை, டீச்சர் போன பிறகு, வார்டம்மா சட்டப்படி நீல நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். கேள்வி, தன் பதில், ஒன்றைக்கூட விடவில்லை. எழுதி முடித்து நோட்டை டெய்லர் அக்காவிடம் கொடுத்தாள்.

"இனிமே நான் வரலப்பா. இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்? சலவையே போதும்" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

நான் எழுந்து நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உனக்குத்தான் வேலை இருக்கே, நீ எதுக்குடி அங்க உட்கார்றே?" என்றாள் டெய்லர் அக்கா.

"நாளைக்கு மேடத்துகிட்ட ஒண்ணு சொல்லணும். பழகிட்டுப் போறேன். அக்கா, நீங்க உட்காருங்க."

வார்டம்மா பையைக் கழற்றாமலே எதிரே உட்கார்ந்தாள். பழக்கதோஷம், மூக்குக்கண்ணாடி தானாக நுனிக்கு இறங்கியது. "யெஸ்?" என்றாள்.

இங்கிலீஷில் சொன்னேன். "மேடம், அந்தப் பல்செட் கதை என்னுடையது இல்லை. போன வருஷம் உங்களிடம் பொய் சொன்னேன். அது அவருக்கு நடந்தது. திருடியது நான்."

டெய்லர் அக்கா நோட்டைப் பின்னால் புரட்டி, நான் காலியாக விட்டிருந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். "அடிப்பாவி" என்றாள்.

வார்டம்மாவைப் பார்த்தேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"ரெண்டாவது தடவை" என்றாள்.

சொன்னேன். திருடினேன் என்ற இடத்தில் தடுக்கியது. எப்போதும் எடுத்துக்கொடுப்பவள் அன்று எடுத்துக்கொடுக்கவில்லை. நானே திக்கித் திணறி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மூணாவது."

மூன்றாவது தடவை அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கடைசி வார்த்தை வரை சொன்னேன்.

அவள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "என் வேலை போனா போகட்டும்க்கா. மேடத்துகிட்ட கெஞ்சியாவது உங்களுக்கு அந்த வேலைய வாங்கித் தர்றேன்."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"எனக்காக எந்த வேலையும் கேட்டு நிக்காதே. அந்த அம்மா கண்ணாடியில முகத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. பக்கத்துல நின்னது நான். அதை மட்டும் திருப்பி வாங்கிட்டு வா."

அவள் போன பிறகு டெய்லர் அக்கா நோட்டை என் மடியில் வைத்துப் பேனாவை நீட்டினாள். காலி இடத்தில் எழுத ஆரம்பித்தேன்.