சந்தேகத்துக்கு எண் கிடையாது

அவளுக்கு ஆஸ்பத்திரியின் கோடிங் பிரிவில் வேலை. டாக்டர்கள் கிறுக்கி வைத்ததைப் படித்து, ஒவ்வொரு வியாதிக்கும் உரிய எண்ணைக் கணினியில் போட வேண்டும். பதினொரு வருஷத்தில் ஒரு பிழை கிடையாது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அங்கே ஒரு விதி. வெளிநோயாளி தாளில் 'சந்தேகம்' என்றிருந்தால் வியாதியின் எண்ணைப் போடக்கூடாது. ரத்தத்தில் கண்டது எதுவோ, அதை மட்டும் போட வேண்டும்.

போன வருஷம் அப்பா அதே ஆஸ்பத்திரியில் எடுத்த தன் ரிப்போர்ட்டை நீட்டினார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், ஊசியைக் கண்டால் மட்டும் நடுங்குவார். ரத்தத்தில் நாலுக்குள் இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. அளவு பதினொன்று. கீழே, 'பிராஸ்டேட் புற்றுநோய் சந்தேகம். ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கவும்.'

"என்னம்மா போட்டிருக்கு?"

"ரத்தத்துல ஒரு அளவு கூடியிருக்குப்பா, அவ்வளவுதான். சந்தேகத்துக்கெல்லாம் நாங்க நம்பரே போடமாட்டோம். வியாதின்னா அது வேற நம்பர்."

"அப்ப அந்த ஊசி?"

"வயசானா இது கூடத்தான் செய்யும். அப்புறம் பாத்துக்கலாம்."

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவள் கால் வைத்தியர்கூட இல்லை. ஆனால் அப்பாவுக்கு மகள் சொன்னால் வேதவாக்கு. "எம்பொண்ணு பாத்துட்டா, ஒண்ணுமில்லையாம்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

பத்து மாதம் கழித்து இடுப்பு வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பெல்லாம் புற்று பரவியிருந்தது.

டாக்டர் பழைய தாளைப் பார்த்துக் கொதித்துப் போனார். "அப்பவே டெஸ்ட் எடுக்கச் சொன்னேனே, ஏன் வரல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். மேசைக்கடியில் அவள் கையை இறுகப் பிடித்திருந்தார். "இவ வாப்பா வாப்பான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா சார். நாந்தான் ஊசிக்குப் பயந்து மாட்டேன்னுட்டேன்."

டாக்டர் அதை அப்படியே எழுதினார். அவள் பேசாமல் இருந்தாள், பாவி. வெளியே வராந்தாவுக்கு வந்துதான் உடைந்து அழுதாள்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"போகப்போறவனுக்குக் கெட்ட பேரு வந்தா என்ன? நீ இங்க வேலை பாக்கணும்ல."

மறுநாள் ஃபைல் கோடிங் பிரிவுக்கு வந்தது. சொந்தக்காரர் ஃபைலைத் தொடக்கூடாது என்பதால் பக்கத்து மேசைக்காரி எடுத்துக்கொண்டாள். புற்றுநோய்க்கு ஓர் எண், எலும்புக்குப் பரவியதற்கு ஓர் எண். மூன்றாவதாக, சோதனையை நோயாளியே மறுத்ததற்கு. அதற்கும் ஓர் எண் இருக்கிறது.

"அவர் மறுக்கலடி," என்றாள் அவள். "நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

பக்கத்து மேசைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டர் எழுதினதைத்தானேக்கா நாம போட முடியும்? நீங்கதானே எப்பவும் சொல்வீங்க."

எண் ஏறியது. ஃபைலில் பிழை எதுவும் இல்லை.