கறிவேப்பிலைத் தொட்டி

...இல்லை, வருவார், போன வாரம் கிளம்பும்போது 'வாறன் தங்கச்சி' என்றுதானே சொன்னார், 'போறன்' என்று சொல்லவில்லையே, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தேவதர்ஷினி மூன்றாவது முறையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. இரண்டு மணி அப்பாயிண்ட்மென்டுக்கு ஆனந்தராசா அண்ணா ஒருநாளும் பிந்தியதில்லை. பென்ரோஸ் கிடங்கில் காலை ஷிப்ட் முடிந்ததும் ரயில் பிடித்து, ஒன்று ஐம்பதுக்கே எல்லர்ஸ்லியின் இந்த மாடிக்கு வந்து, கவுன்சிலிங் அறைக்கு வெளியே மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருப்பார். இன்று நாற்காலி காலி. ஜன்னலோரம் அவர் கொடுத்த கறிவேப்பிலைத் தொட்டி மட்டும்... அதை ஏன் கொடுத்தார்? மனைவி வசந்தமலர் ஆறு குளிர்காலம் ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பிள்ளைபோலக் காப்பாற்றிய செடி, அவர் இறந்தபின் எட்டு மாதமாக இவர் காப்பாற்றிய செடி. ஆக்லாந்து குளிரில் கறிவேப்பிலை பிழைப்பது சும்மாவா, இவளே மூன்றைச் சாகக் கொடுத்தவள். 'இனி நீங்கள் பாருங்கோ தங்கச்சி, என்னாலை ஏலாது.' இவள் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள். நாலு ஈர்க்கு கிள்ளிக்கொண்டு போய் ரசத்தில் போட்டாள். 'கவுன்சிலரம்மாவுக்குக் கறிவேப்பிலை லஞ்சமா?' என்று கணவன் விக்னேஷ் கேலி செய்தபோது சிரித்தாள்கூட. அந்த ரசத்தை எப்படிச் சாப்பிட்டாள்?

அருமையாக வளர்த்ததை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் ஏன் என்று கேள். கவுன்சிலிங் படிப்பின் முதல் வருடப் பாடம். நேராகக் கேள், சுற்றி வளைக்காதே, கேட்பதால் யாருக்கும் சாகும் எண்ணம் புதிதாக முளைக்காது... இங்கிலீஷில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள், நாக்கு ஒருமுறைகூட இடறியதில்லை. தமிழில் மட்டும் அந்த வார்த்தை பாதிவழியில் நின்றது. 'நல்ல வார்த்தை பேசுடி, ததாஸ்து தேவதை கேட்டுக்கிட்டே இருக்கும், அப்படியே ஆகட்டும்னு சொல்லிடும்' என்று அம்மாவின் குரல் குறுக்கே வந்தது. அதோடு எதிரில் இருப்பவர் அண்ணா. மனைவியைப் பறிகொடுத்த அண்ணனிடம் அப்படிக் கேட்பார்களா? அதனால், 'மனசுக்கு வேற கஷ்டம் ஒண்ணும் இல்லையே, அண்ணா?' என்று கேட்டாள். இல்லையே! பதிலையும் கேள்விக்குள் வைத்து ஊட்டினால் மனுஷன் வேறு என்ன சொல்வார்? 'சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை, நீங்கள் யோசிக்காதேங்கோ.' எந்த அண்ணன் தங்கையைப் பயமுறுத்துவான்? அண்ணா அண்ணா என்று கூப்பிட்டே அவர் வாயை அடைத்துவிட்டாளா? குறிப்பில் 'ஆபத்து இல்லை' என்று எழுதியது யார் கை?

இரண்டு பதினான்கு. போன் செய்தாள், நேரே வாய்ஸ்மெயில். மறுபடியும், மறுபடியும் அதே. பதினைந்து நிமிடம் தாண்டினால், வருபவர் அவசரத்துக்கென்று கொடுத்த எண்ணை அழைக்கவேண்டும், அவளே வைத்த விதி. அவர் கொடுத்தது மகள் ராகவியின் எண், வெலிங்டனில் படிக்கிறாள். என்னவென்று சொல்வது? உன் அப்பா வரவில்லை என்றா, நான் கேட்காமல் விட்டேன் என்றா? 'இஸ் டாட் ஓகே?' என்று அந்தப் பெண் கேட்டால்? ஒனிஹங்கா வீட்டில் அவர் தனியாக... வேண்டாம், நினைக்காதே. விரல் எண்ணின்மேல் நின்றது. படியில் காலடிச் சத்தம். கனமான பூட்ஸ். கிடங்கு பூட்ஸ்தானே? கடவுளே, அதுவாக இருக்கட்டும்...

"குறை நினையாதேங்கோ தங்கச்சி, லொறி பிந்தி வந்திட்டுது, இறக்காமல் விடேல்லை. போனிலையும் சார்ஜ் இல்லை." ஆனந்தராசா வாசலிலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன, பயந்திட்டியளோ? பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறியள்!" சிரிக்கிறார், வந்துவிட்டார், உயிரோடு வந்துவிட்டார், அப்பாடா... போதும், இன்றைக்குத் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடலாமே? அந்தச் சபலம் வந்த வேகமே அவளைப் பயமுறுத்தியது. வந்தபிறகும் ஏன் இந்தப் பயம் குறையவில்லை?

"உட்காருங்க. ஒண்ணு கேக்கணும். தங்கச்சி பயந்துடுவாளேன்னு பார்த்துப் பதில் சொல்லக்கூடாது." குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைக்கிறீங்களா?"

வார்த்தை வெளியே விழுந்துவிட்டது. கூரை இடியவில்லை. கீழே தெருவில் ஒரு பஸ் நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போனது. அவர் சாப்பாட்டுப் பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். செடியைப் பார்த்தார்.

"போன கிழமை கேப்பியள் எண்டு நினைச்சுத்தான் இதைக் கொண்டுவந்தனான்" என்றார்.

ஏழு நாள்... ஏழு நாளும் இந்த ஒரு கேள்விக்காக இருந்தாரா? தேவதர்ஷினி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இதுவரை ததாஸ்து தேவதைக்குப் பயந்ததாக அல்லவா நினைத்திருந்தாள், அது இல்லை, இவர் 'ஓம், நினைக்கிறன்' என்று சொல்லிவிட்டால் அந்த ஓமை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் பயந்திருக்கிறாள். அந்த ஓம் இப்போது வந்துவிட்டதா, இனிமேல்தானா... அவர் வாய் திறந்தது, அவள் கண்ணை எடுக்கவில்லை.