அக்காவின் காரும் என் காரும்

என் அக்கா கார் கம்பெனிக்குத் தலைவியான அன்று வீடே கொண்டாடியது. நான் மட்டும் உம்மென்று இருந்தேன். அந்தக் கம்பெனியின் காரைக் காசு கொடுத்து வாங்கித் தொலைத்தவள் நான்தானே.

"மழை வந்தா உங்க காருக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டணும்," என்றேன்.

"வாய் இருக்குன்னு பேசாதே. எனக்குக் குடுத்திருக்கிறதும் அதே கார்தான். ஒரு சொட்டு இறங்கலையே," என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அவள் கண்ணால் பார்க்காதது உலகத்தில் நடக்கவே நடக்காது. என் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் கொட்டு கொட்டென்று கொட்டியது. நான் அவள் காரில் ஜம்மென்று ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். அவள் தொப்பலாக நனைந்து ஆலை வாசலில் இறங்கினாளாம். அப்படியே நேராகப் பட்டறைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள்.

மேஸ்திரி சர்வசாதாரணமாகச் சொன்னாராம்: "பெரியவங்களுக்குப் போற வண்டியை அப்படியே குடுத்துடுவோமா மேடம்? கதவு ரப்பரையெல்லாம் பிரிச்சு, பார்த்துப் பார்த்து மாட்டித்தான் அனுப்புவோம். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கேட்டீர்களா கதையை? இத்தனை வருடமாக அதிகாரிகளில் ஒருவர்கூடத் தாங்கள் விற்கிற காரில் உட்கார்ந்ததே இல்லை. ஊரெல்லாம் ஒழுகுகிறது, இவர்கள் மீட்டிங்கில் விளம்பரம் போதவில்லை என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விற்பனையோ பாதாளத்தில் கிடந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் நிமிராவிட்டால் ஆலைக்குப் பூட்டுதான் என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். பூட்டினால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள். அந்த நினைப்பில் அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதிகாரிகள் எல்லாரும் தங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷோரூமில் கைக்கு வந்த காரை ஓட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். முணுமுணுத்தார்கள். அடுத்த மழையில் டிசைன் பிரிவுத் தலைவர் ஈர சாக்ஸைப் பிழிந்துகொண்டே மீட்டிங்குக்கு வந்தார். அப்புறம் பாருங்கள், வேலை பறந்தது. கதவுச் சட்டத்தையே மாற்றிப் புது மாடலைக் கொண்டுவந்தார்கள்.

நானும் பழையதைத் தள்ளிவிட்டு அதையே வாங்கினேன். ஷோரூமில் அக்கா பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கும் மரியாதை செய்திருப்பார்கள்.

மழைக்காலம் வந்தது. விற்பனை அப்போதுதான் தலைதூக்க ஆரம்பித்திருந்தது; காரைத் தானே பார்த்துவிட்டு முடிவு சொல்ல முதலாளியும் வந்தார். "எதுவானாலும் நீ பக்கத்துல இரு," என்று அக்கா சொன்னதால் ஆலை வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன்.

"எதை வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க சார்," என்று புதுக் கார்களைக் காட்டினாள் அக்கா.

"எனக்குன்னா பார்த்துப் பார்த்து மாட்டியிருப்பீங்களே," என்றார் கிழவர். விவரமான ஆள். சேறும் சகதியுமாக நின்ற என் காரைக் கை காட்டினார். "அது யாரோடது?"

"என் தங்கச்சியோடது. கடையில வாங்கினது," என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

என்னிடம் சாவியை வாங்கி, என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து அவரே ஓட்டினார். அடாத மழை. ரோட்டில் இருந்த பள்ளம் ஒன்றையும் விடவில்லை மனிதர். நான் கதவோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கார் மானத்தை வாங்கினால் போகப்போவது என் மானமா, எத்தனை வீட்டுச் சாப்பாடு.

திரும்பி வந்ததும் கதவோரமெல்லாம் உள்ளே கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். காய்ந்த கைக்குட்டையை அக்காவிடம் நீட்டினார்.

"ஆலை ஓடட்டும்மா," என்றார்.

பட்டறைப் பக்கமிருந்து விசில் பறந்தது. மேஸ்திரி மழையிலேயே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அக்கா எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு என் காரில் ஏறினாள். கதவைச் சாத்தியதுதான் தாமதம், ஓவென்று அழுதாள். எனக்கோ என் அக்காவை நினைத்து அவ்வளவு பெருமை.

"போதும் நிறுத்துடி," என்றேன். "சீட்டு நனையுது."