கோணக்கூடை வீட்டுப் பெண்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். ரஞ்சிதத்துக்கு மகள் யோகேஸ்வரி பொன்னுக்கும் ஒரு படி மேல். அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். மகள் இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்ந்த அன்று, புதுச் சீருடையோடு தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நிறுத்திப் படம் பிடித்து, தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். பெயர், தாத்தா மாடசாமியின் பெயர், பள்ளி, புதிதாக வாங்கிக் கொடுத்த போனின் நம்பர், எல்லாம் படத்துக்குக் கீழே. 'எல்லாரும் பிள்ளையை வாழ்த்துங்க' என்று வேண்டுகோள் வேறு.

தோட்டத்தில் இருப்பதே அறுபது குடும்பம். குரூப்பிலோ இருநூற்று நாற்பது பேர். எப்போதோ ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் பிழைக்கப் போனவர்கள், அவர்கள் சேர்த்துவிட்டவர்கள், அவர்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்துவிட்டவர்கள். யார் எவர் என்று குரூப்பை நடத்தும் கோயில் தலைவர் ஆண்டியப்பனுக்கே தெரியாது. திருவிழா அழைப்பு நாலு பேருக்குப் போனால் சரி என்பது அவர் கணக்கு.

எழுபது வாழ்த்து வந்தது. மறுநாள் மலையில் கொழுந்து வெட்டும் மிஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் நின்றவளிடம் எழுபதையும் சொல்லித் தீர்த்தாள் ரஞ்சிதம்.

மூன்று வாரம் போயிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது, யோகேஸ்வரி போனோடு வந்து நின்றாள்.

"மா, என்ன நடந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்னு சொன்னீங்கல்ல? இப்பவும் அப்படித்தானே?"

சும்மா கொடுத்த வாக்கு இல்லை அது. போன வருஷம் மேல் லைன் புவனேஸ்வரனின் மகள் மலர், எவனோ கண்டபடி எழுதுகிறான் என்று வீட்டில் சொன்னாள். அவர் அவள் போனைச் சுவரில் அடித்து உடைத்தார். அப்புறம் படிப்புக்கு வேண்டும் என்று வேறு வாங்கிக் கொடுத்தார்தான். ஆனால் அன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் வாய் திறப்பதில்லை. அதைப் பார்த்துத்தான் ரஞ்சிதம் மகளுக்கு அந்த வாக்கைக் கொடுத்திருந்தாள்.

"அப்படித்தான். சொல்லு" என்றாள்.

'ஜொகூர் மாமா' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'உன் தாத்தா மாடசாமிக்குப் பக்கத்து வீட்டுக்காரன்மா நான்.' பத்து நாள் படிப்பைப் பற்றிக் கேட்டான். தோட்டத்தில் பெரிய ஆம்பிளைகள் எல்லோரும் மாமாதான். கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளைக்குத் தலைக்கனம் என்று பெயர். அப்படித்தான் ரஞ்சிதமும் வளர்த்திருந்தாள். பிள்ளை மரியாதையாகப் பதில் போட்டிருந்தது. பதினோராம் நாள் அவன் எழுதியது: 'மாமாவுக்கு மட்டும் ஒரு படம் அனுப்பு. அம்மாகிட்ட சொல்லாதே.'

ரஞ்சிதத்தின் கை தானாகப் போனை நோக்கிப் போனது. வாக்கு நினைவுக்கு வர, கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அனுப்பினியா?"

"இல்லமா. அம்மாகிட்ட சொல்லாதேன்னதுமே சந்தேகம் வந்துடுச்சு. ஒரு கேள்வி கேட்டேன். எங்க தாத்தாவை லைன்ல எப்படிக் கூப்பிடுவாங்கன்னு."

பதில் திரையில் இருந்தது: 'மாடசாமி ஐயான்னுதான்மா கூப்பிடுவோம்.'

ரஞ்சிதத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. வாயால் சொல்வார்களே தவிர, குரூப்பில் எவரும் எழுத மாட்டார்கள், எழுதினால் அடிதடிதான். மாடசாமி கொழுந்துக் கூடையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடப்பார். அதனால் அவர் 'கோணக்கூடை'. பக்கத்து வீட்டில் இருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? மருமகளாக வந்த நாள் முதல் அந்தப் பெயரைச் சொன்னவர்களிடமெல்லாம் சண்டை பிடித்தவள் ரஞ்சிதம். அந்தப் பெயரே இன்று மகளைக் காத்திருந்தது.

"நான் ஒண்ணும் அழிக்கலமா. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்."

மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டவ நான்தான்டி. உன் நம்பரை ஊருக்கே கொடுத்தேனே. நீ கெட்டிக்காரி."

அன்றே டவுன் போலீஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் காட்டிப் புகார் கொடுத்தார்கள். பிறகு அவனை பிளாக் செய்தார்கள்.

ஞாயிறு பூஜை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்றாள் ரஞ்சிதம். ஆண்டியப்பன் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"பொம்பளப் பிள்ளை விஷயம்மா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. விட்டுடு லா."

"விட்டா நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு எழுதுவான், அண்ணே."

மகளைப் பார்த்தாள். "உன் பேரைச் சொல்லலாமா?"

"தப்பு செஞ்சவன் அவன்தானே. சொல்லுங்கமா."

ரஞ்சிதம் தன் தப்பிலிருந்தே தொடங்கினாள். போட்ட படம், கொடுத்த நம்பர், ஒன்றையும் மறைக்கவில்லை. "பிள்ளைங்க வந்து சொன்னா அடிக்காதீங்க, போனை உடைக்காதீங்க. அடிச்சா அடுத்த தடவை அதுங்க நம்மகிட்ட சொல்லாதுங்க. எவனோ மாமான்னு வந்தா பதில் சொல்லுன்னு இனிமே நாம சொல்லக்கூடாது" என்று முடித்தாள்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மலர்.

"எனக்கும் அதே ஜொகூர் மாமா எழுதுறாரு. அப்பா அடிப்பாருன்னு சொல்லலை."

புவனேஸ்வரன் தலை குனிந்தார். பிறகு எழுந்து போய் மகள் பக்கத்தில் நின்றார். "அடிக்க மாட்டேன்மா. போனை நீயே வச்சுக்கோ. அப்பாவுக்குக் காட்டு, போதும்" என்றார். ரஞ்சிதத்துக்கு அந்த நிமிஷம் தன் மகள் மேல் வந்த பெருமை, எழுபது வாழ்த்துக்கும் வரவில்லை.

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார். குரூப்பை அன்றே கலைத்துப் புதிதாகத் தொடங்குவதாகச் சொன்னார். பிள்ளைகளின் படமும் நம்பரும் அதில் கூடாது. வெளியூர்க்காரர்கள் அவருக்குப் போன் போட்டு வீட்டுப் பட்டப்பெயரை வாயால் சொன்னால்தான் இடம்.

"இங்க இருக்கிறவங்களும் சொல்லணும். முதல்ல யாரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஞ்சிதம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"எழுதிக்குங்க அண்ணே. கோணக்கூடை வீடு."