கமலா மாவு மில்லில் வேர்த்த சட்டை

கச்சிராயபாளையம் கமலா மாவு மில்லில், கண்ணாடி அலமாரிக்குள் தொங்கிய நீலச் சட்டை தினமும் காலையில் வேர்க்கத் தொடங்கி, பொழுது சாய்ந்த பிறகே காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேர்த்தது. அரைக்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் பார்க்கட்டும் என்று, கமலா அந்த அலமாரியில் ஊரின் பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தாள். நெல் அளந்து தேய்ந்த மரக்கால், அணை கட்டிய காலத்து மண்வெட்டி, எந்தப் பஸ்ஸிலோ கழற்றிய மணி. சட்டை மட்டும் தானாக வந்து சேர்ந்தது. சாமை அரைக்க மலையிலிருந்து இறங்கிய பூமாலை, மூட்டையின் வாயைப் புருஷன் கரியனின் சட்டையால் கட்டியிருந்தாள். கரியன் அப்போதுதான் வடக்கே திருட்டுச் செம்மரம் வெட்டப் போயிருந்தான். அவிழ்த்த சட்டை சொட்டவே, மாவு நனையக் கூடாதென்று கமலா அதை அலமாரியில் மாட்டினாள். வீட்டுக்கு எடுத்துப் போனால் கொழுந்தன் முருகன் எரித்துவிடுவான் என்று பூமாலையும் விட்டுவைத்தாள்.

கரியனிடமிருந்து சேதி வராமலே வருஷங்கள் ஓடின. அவன் செத்தான் என்று முடிவானால், பிள்ளையில்லாத பூமாலை தாய்வீட்டுக்குப் போக வேண்டும். சாமைக் காடு முருகனுக்கு. வேர்ப்பவனுக்கு எப்படிக் கருமாதி செய்வது என்று ஊர்ப் பெரியவர்கள் கைவிரித்தார்கள்.

“சட்டை வேர்க்குதுன்னு பட்டாவுல எழுதுவாங்களா அண்ணி?” என்றான் முருகன்.

“வேலை முடிஞ்சா வருவாரு,” என்றாள் பூமாலை.

கரியனோடு போன இளமாறன்தான் கடைசியில் வந்தான், ஜெயிலிலிருந்து. மில்லிலேயே அவளைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டான்.

“நாங்க போன ரெண்டாம் மாசமே அண்ணன் மேல மரம் சாஞ்சிடுச்சிக்கா. அங்கியே பொதைச்சிட்டோம்.”

மிஷினை நிறுத்தினார்கள். எல்லாரும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் சட்டையின் காலரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“பொதைச்ச பொறவும் வேலை வாங்கிக்கினு இருக்கானுங்க,” என்றாள் பூமாலை.

அந்த மாதமே தாலி இறங்கியது, காடு கைமாறியது. பூமாலை தாய்வீட்டுக்குப் போகவில்லை. மில்லில் மாவு கூட்டுகிறாள். கமலா அலமாரியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே ஒரு ஃபேன் மாட்டிக் கொடுத்தாள். கரண்ட் போனால், அரைக்க வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் முறத்தால் சட்டைக்கு விசிறுகிறார்கள்.