போன வீடுகளின் மின்சாரம்

1976 மே 3, திங்கட்கிழமை காலை, மெல்பேர்னின் தென்கிழக்கே மொராபினில் உள்ள ஒரு தொழிற்கூடத்திலிருந்து இரண்டு மின்சாரக் கார்கள் பரீட்சார்த்த ஓட்டத்துக்காக வெளியே அனுப்பப்பட்டன.

தொழிற்கூடம் ஹால்பின் என்பவருடையது. அதுவரை காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கரவன்களைச் செய்து விற்றவர். எண்ணெய் நெருக்கடி வந்தபோது, பெற்றோல் இல்லாமல் ஓடும் சிறிய கார் ஒன்றை இனி எல்லோரும் கேட்பார்கள் என்று நம்பினார். கரவன் வேலையை நிறுத்திவிட்டு, காணியையும் கட்டடத்தையும் ஈடு வைத்து இதில் இறங்கினார். காரை வடிவமைக்க அவர் சேர்த்துக்கொண்டவர் விக்னராஜா.

விக்னராஜா கொழும்பில் மின்சாரப் பொறியியலாளராக இருந்தவர். மனைவி சிவனேஸ்வரியோடு இங்கே வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அரசாங்க வேலை ஒன்று கிடைத்தும் அதை மறுத்துவிட்டு ஹால்பினிடம் போனார். கூட வந்த பொறியியலாளர்கள் அதைப் பைத்தியம் என்றார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் ஓடின என்பதை அவர் வாசித்திருந்தார். சத்தமும் புகையும் இல்லாத கார்கள். பிறகு பெற்றோல் காரின் விலை குறைந்தது. கைபிடியைச் சுழற்றாமலே எஞ்சின் கிளம்பும் வசதி வந்தது. மின்சாரக் கார்கள் மறைந்துபோயின. அவற்றுக்கு இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது என்று விக்னராஜா நம்பினார். அதில் தன் கையும் இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

கார் பார்வைக்குச் சிறியது, எடையோ அதிகம். பின் இருக்கையின் கீழும் அதற்குப் பின்னாலும் ஈயப் பற்றரிகள் வரிசையாக இருந்தன. வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் செருகி இரவு முழுக்க விட்டால் காலையில் நிறைந்திருக்கும். பிறகு ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஓடும்.

முதலில் செய்த காரை விக்னராஜாவே வைத்து ஓட்டினார். வார நாளில் கிளேற்றனிலிருந்து வேலைக்கு. சனிக்கிழமைகளில் நண்பர்கள் வீடுகளுக்கு. அப்போது அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டண்டினோங்கில் டொக்டர் அரியரத்தினமும் மனைவி யோகாவும். பிராங்ஸ்டனில் பள்ளிக்கூட ஆசிரியர் வரதராஜா. காலையில் புறப்பட்டால் இரண்டு வீடும் போய் இரவு திரும்புவார்கள்.

அரியரத்தினம் வீட்டில் கார் நின்றதும் விக்னராஜா செய்யும் முதல் வேலை, நீளமான வயரைச் சமையலறை ஜன்னலால் உள்ளே கொடுப்பது.

"ஐசே, மாட்டைக் கட்டிப்போட்டீரோ?" என்பார் அரியரத்தினம்.

"கட்டியாச்சு."

"வைக்கலும் போட்டாச்சோ? அப்ப உள்ளுக்கு வாரும். யோகா, இவற்ற மாடு எங்கட கறண்டைக் குடிச்சு முடிக்கிறதுக்கிடையில இந்த மனுசனுக்கு ஒரு தேத்தண்ணி குடும்."

"தேத்தண்ணியோ? புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன். சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்," என்பார் யோகா.

சாப்பிட்ட பிறகு ஊர்க்கதை. கதை முடிந்ததும் எழும்பினால், "இப்பதானே வந்தனீங்கள், என்ன அவசரம்?" என்று மறுபடி இருத்துவார்கள். வரதராஜா வீட்டிலும் அப்படியே. வயர் ஜன்னலில், கோழிக்கறி அடுப்பில், கதை வாசலில் நின்றும் அரை மணித்தியாலம்.

ஆறு மாதத்தில் கார் ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. பணம் போட முன்வந்த நிதி நிறுவனத்தின் ஆட்களிடம் விக்னராஜா அதைத்தான் சொன்னார். "நான் சாதாரண குடும்பக்காரன். வேலைக்கும் போகிறேன், நண்பர்களையும் பார்க்கிறேன். எனக்கு இந்தக் கார் போதுமாக இருக்கிறது." அவர்கள் தலையசைத்தார்கள். இரண்டு காரை வேறு ஆட்களிடம் மே முதல் குளிர்காலம் முழுக்கக் கொடுத்துப் பார்ப்பது என்றும், சரியாக ஓடினால் இருநூறு கார் செய்யப் பணம் தருவது என்றும் முடிவானது.

ஒரு கார் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவருக்குப் போனது. அவர் கடைக்கும் தேவாலயத்துக்கும் மட்டும் ஓட்டினார், குறை சொல்லவில்லை. மற்றது வீடு, காணி விற்றுக்கொடுக்கும் திருமதி கானருக்கு.

இரண்டாம் வாரமே திருமதி கானரிடமிருந்து தொலைபேசி வந்தது. கார் பேர்ன்ட்ரீ கலி மேட்டில் நின்றுவிட்டது. விக்னராஜா இழுவை வண்டியோடு போனார். அந்த மாதத்திலேயே மறுபடியும் போனார். மூன்றாவது தடவை மழை. திருமதி கானர் வீதியோரத்தில் குடையோடு நின்றார். காணி பார்க்க வந்த தம்பதி வாடகைக் காரில் போயிருந்தார்கள்.

"இன்று எங்கெங்கே போனீர்கள்?" என்று விக்னராஜா கேட்டார்.

"ரோவிலில் புதிதாகப் பிரித்த காணிகள். பிறகு இங்கே இரண்டு வீடு."

"அந்த வீடுகளில் வயரைச் செருகவில்லையா?"

திருமதி கானர் குடையைச் சற்று உயர்த்தி அவரைப் பார்த்தார். "யாருடைய வீடுகளில்?"

"நீங்கள் போன வீடுகளில்."

"நான் அங்கே பத்து நிமிடம் நிற்கிறேன், மிஸ்டர் ராஜா. அவர்களுக்கு என் பெயரே சரியாகத் தெரியாது. உங்கள் மின்சாரத்தைக் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்கச் சொல்கிறீர்களா?"

"நண்பர்கள் வீட்டிலாவது..."

"என் தங்கை வீட்டுக்கே நான் சொல்லிவிட்டுத்தான் போவேன். போனால் ஒரு கோப்பை தேநீர். அவ்வளவுதான்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் போகிற இடங்களில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?"

விக்னராஜா இழுவைக் கொளுக்கியை மாட்டக் குனிந்தார்.

அன்று மாலை வீட்டில் அவர் சாப்பிடவில்லை.

"சிவனேஸ், நாங்கள் டண்டினோங்கில எவ்வளவு நேரம் இருக்கிறனாங்கள்?"

"ஆர் மணி பாத்தது? மூண்டு மணித்தியாலம், நாலு மணித்தியாலம். ஏன்?"

"பிராங்ஸ்டனிலயும் அப்பிடித்தானே."

"பின்ன, போன உடன எழும்பி வாறதே? அவையள் என்ன நினைப்பினம்?"

"கார் ஓடினதெண்டு நான் நினைச்சனான். அது போன போன இடமெல்லாம் குடிச்சுக் குடிச்சு வந்திருக்கு."

சிவனேஸ்வரி அவருடைய தட்டை மூடி வைத்தார். "உங்களுக்கு அது தெரியும் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார். "நீங்கள்தானே வயரைக் கொடுக்கிறது."

தெரியும். ஆனால் அவர் அதைக் கணக்கில் எடுத்ததில்லை. ஒரு வீட்டுக்குப் போவது என்றால் இருப்பது, இருப்பது என்றால் சாப்பிடுவது. இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது? பற்றரியின் வெப்பநிலையை அளந்தார். மேடு பள்ளத்தை அளந்தார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் பார்த்தார். அரியரத்தினத்தின் வீட்டுக் கதிரையில் தான் உட்கார்ந்திருந்த நேரத்தை யாராவது அளப்பார்களா?

அடுத்த சனிக்கிழமை காலை, வயரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு அவர் அதே பாதையில் புறப்பட்டார். சிவனேஸ்வரியும் ஏறிக்கொண்டார். ஹீற்றரைப் போட்டால் பற்றரி இறங்கும் என்பதால் இருவரும் கம்பளிச் சட்டையோடு இருந்தார்கள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. சிவனேஸ்வரி சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார்.

டண்டினோங்கில் யோகா வாசலில் நின்றார். காரைக் கண்டதும் கையைக் காட்டிக்கொண்டு வேலிப் படலையைத் திறக்க வந்தார்.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவம்."

"நிப்பாட்டினால் இறங்கோணும். இறங்கினால் இருக்கோணும்."

"அவ படலையைத் திறந்திட்டா."

"தெரியுது."

கார் வாசலைக் கடந்தது. சிவனேஸ்வரி திரும்பிப் பார்த்தார். யோகா படலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பிராங்ஸ்டனில் வரதராஜா வீட்டுத் தெருவை ஒரு தடவை சுற்றிவிட்டு விக்னராஜா காரைத் திருப்பினார். திரும்பும் வழியில், பிராங்ஸ்டனுக்கும் டண்டினோங்குக்கும் நடுவே, கார் முதலில் மெதுவானது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துவிட்டு முந்திப் போனான். பிறகு கார் நின்றது. இரு பக்கமும் ஈரமான புல்வெளி. மோட்டார் சத்தம் முதலிலிருந்தே இல்லாததால் நின்றபோது தனியாக ஒரு அமைதி வரவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம் அரியரத்தினம் அண்ணை வீட்டுக்கு?" என்று சிவனேஸ்வரி கேட்டார்.

"பத்துக் கிலோமீற்றர் இருக்கும்."

"அங்க போய்ச் சேந்திருந்தால் இரவு வீட்டை வந்திருக்கலாம்."

"ஓம்."

"ஹால்பினுக்குச் சொல்லப் போறீங்களோ?"

"சொல்லத்தானே வேணும்."

"அவையள் காசு தந்த பிறகு சொல்லேலாதோ?" இதைக் கேட்டுவிட்டு அவர் தானே தலையைக் குனிந்துகொண்டார். "இல்லை. நான் சும்மா கேட்டனான்."

விக்னராஜா ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "இருநூறு கார், சிவனேஸ். இருநூறு பேரை நான் இப்பிடி ரோட்டில நிக்க விடேலாது. அவையளுக்கு ஒரு யோகா அக்கா இல்லை."

வழியால் வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பிவிட்டு, இழுவை வண்டி வரும்வரை அவர்கள் காருக்குள்ளேயே இருந்தார்கள். சிவனேஸ்வரி அழுதார். விக்னராஜா அவரைத் தேற்றவில்லை.

அன்று மாலை அரியரத்தினம் தொலைபேசியில் அழைத்தார். "என்ன ஐசே, வாசலால போறீர், மனுசி படலையைத் திறந்துகொண்டு நிக்கிறா. நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?" விக்னராஜா விளக்கினார். "உம்மட பரிசோதனைக்கு எங்கட வாசல்தானே கிடைச்சது," என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார்.

திங்கட்கிழமை ஹால்பின் எல்லாவற்றையும் கேட்டார். இடையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"இன்னும் நல்ல பற்றரி எப்போது வரும்?"

"தெரியாது. என் காலத்தில் வரலாம். இந்த வருடம் வராது."

ஹால்பின் எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே, முன்பு கரவன்கள் நின்ற முற்றத்தில், முடிக்காத கார்களின் கூடுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. "நீ இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்," என்றார்.

"இருந்திருக்கலாம்."

"சொன்னது நல்லதுதான். ஆனால் நல்லது என்று இன்று எனக்குத் தோன்றவில்லை."

நிதி நிறுவனத்தின் ஆட்களிடம் ஹால்பின் தாமே பேசினார். அவர்கள் அதிகம் கேட்கவில்லை. நெருக்கடி கழிந்து பெற்றோல் நிலையங்களில் வரிசை இல்லாமல் போயிருந்தது. பாஸ் நீரிணையிலிருந்து நாட்டின் சொந்த எண்ணெய் வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் தாங்கி நிறைகிற காரை விட்டு இதை ஏன் ஒருவர் வாங்க வேண்டும் என்று அவர்களில் இளையவர் கேட்டார். ஹால்பின் தன் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டார்.

ஓகஸ்டில் பற்றரிகள் பழைய ஈயத்துக்கு விற்கப்பட்டன. செப்ரெம்பரில் தொழிற்கூடம் ஏலத்தில் போனது; மேசை, கதிரை போன்ற தளபாடம் செய்யும் ஒருவர் அதை எடுத்தார். ஹால்பின் குவீன்ஸ்லாந்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விக்னராஜா லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வேலைக்கு ஒரு பழைய பெற்றோல் கார் வாங்கினார்.